பயனர்பெயரில் புள்ளிக்கு ஏன் இடமில்லை?

லினக்ஸ் கணினியில் மாணவர்களுக்குத் தனித்தனிக் கணக்கு தொடங்கும்போது எழும் முதல் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். தலைப்பெழுத்தோடு 'எஸ்.குமார்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கணினி மறுக்கிறது. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இட்டாலும் மறுக்கிறது. தமிழிலேயே தட்டினால் அதையும் மறுக்கிறது. அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும், பரவலாகப் பயன்படும் உபுண்டுவும் டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் கணக்கு தொடங்க உதவும் 'ஆட்யூசர்' கட்டளையின் இயல்பு விதி, சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்கி, சிறிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவற்றால் அமைந்த பெயரையே ஏற்கிறது. விதியை மீறிய பெயரை வலிந்து ஏற்கச் செய்ய அதில் நெடுங்காலம் ஒரு விருப்பத்தேர்வு இருந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஃபோர்ஸ் பேட்நேம்'. அதாவது, கணினியின் கணக்கில் அது 'கெட்ட பெயர்'.

தன் பெயரைக் கணினி ஏற்கவில்லை என்பதைக் காணும் குழந்தை, தன் பெயரில்தான் ஏதோ பிழை என்று எண்ணிக்கொள்ளும். தலைப்பெழுத்து என்பது அதன் அப்பாவின் பெயர், சில வீடுகளில் அம்மாவின் பெயரும்கூட. "கம்ப்யூட்டர் அப்படித்தான்பா, புள்ளியை எடுத்துடு" என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்த மறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்படி அவற்றைச் சொல்லவும் முடியும். சொன்னால் கோப்பு, குறியீடு, கட்டளை என்று கணினி அறிவியலின் அடிப்படைகள் சில கூடவே புரிந்துவிடும்.

ஒரு வரி, ஏழு கட்டங்கள்

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பயனர்களின் பட்டியல் 'பாஸ்வேர்ட்' என்பதன் சுருக்கத்தைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பில் இருக்கும். அது யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக்கோப்பு. ஒரு பயனருக்கு ஒரு வரி. கணினியில் அது ஆங்கில எழுத்துகளில் இருக்கும். படிக்க எளிதாக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

குமார்:எக்ஸ்:1001:1001:எஸ். குமார்:/ஹோம்/குமார்:/பின்/பாஷ்

நம் வருகைப் பதிவேட்டில் பக்கத்தை நெடுக்குக் கோடுகள் பிரிப்பதுபோல், இந்த வரியை முக்காற்புள்ளி பிரிக்கிறது. முதல் கட்டத்தில் பயனர்பெயர். இரண்டாவது கடவுச்சொல்லுக்கான இடம். இப்போது கடவுச்சொல் வேறு கோப்பில் பாதுகாப்பாக இருப்பதால் இங்கே ஓர் அடையாள எழுத்து மட்டும் நிற்கிறது. மூன்றாவதும் நான்காவதும் பயனர் எண், குழு எண். ஐந்தாவது முழுப்பெயர். ஆறாவது அவருடைய வீட்டு அடைவு. ஏழாவது அவர் உள்ளே நுழைந்ததும் இயங்கவேண்டிய நிரல்.

பயனர்பெயரில் ஒரு முக்காற்புள்ளி வந்தால் என்னவாகும்? ஏழு கட்டம் எட்டாகிவிடும். பெயரின் பின்பாதி கடவுச்சொல் கட்டத்துக்குப் போகும். பயனர் எண் இருக்கவேண்டிய இடத்தில் 'எக்ஸ்' வந்து நிற்கும். ஒரு பயனருக்கு ஒரு வரி என்பதால், பெயருக்குள் வரிமுறிவு வந்தாலும் இதே குழப்பம். இவ்விரண்டும் எந்த யுனிக்ஸிலும் தளர்த்த முடியாத தடைகள். சாய்கோட்டைத் தவிர்ப்பதன் காரணம் ஆறாவது கட்டத்தில் இருக்கிறது. வீட்டு அடைவுக்கு வழக்கமாகப் பயனர்பெயரையே வைக்கிறோம்; பெயரில் சாய்கோடு இருந்தால் அது அடைவுக்குள் இன்னோர் அடைவு என்று பொருள்பட்டுவிடும்.

இதைக் கணினி இல்லாமலே வகுப்பில் நடத்தலாம். கரும்பலகையில் மேலே உள்ளது போன்ற வரிகள் நான்கைந்தை எழுதி, ஒன்றில் மட்டும் பெயருக்குள் முக்காற்புள்ளி சேர்த்துவிடுங்கள். ஏழு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் தம் கட்டத்துக்கு உரியதை மட்டும் உரக்கப் படிக்கட்டும். பிழையான வரி வரும்போது பயனர் எண்ணைப் படிக்கவேண்டிய மாணவர் "எக்ஸ்" என்று படிப்பார். வகுப்பு சிரிக்கும். காரணத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நிறுத்தக்குறிகளை நடத்தும் தமிழாசிரியரும் இந்த விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறி இடம் மாறினால் பொருள் மாறும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

புள்ளியின் வழக்கு

முற்றுப்புள்ளியின் கதை வேறு. அது கோப்பின் கட்டங்களை உடைப்பதில்லை. பாசிக்ஸ் என்னும் பொதுத்தரம் பயனர்பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவற்றோடு புள்ளியையும் அனுமதிக்கிறது. பிறகு ஏன் பல கணினிகள் மறுக்கின்றன?

ஒரு கோப்பின் உரிமையாளரை மாற்ற 'சௌன்' என்றொரு கட்டளை உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பிஎஸ்டி யுனிக்ஸில், உரிமையாளர், குழு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற, நடுவில் புள்ளி வைத்து எழுதினார்கள். அந்த வழக்கப்படி 'எஸ்.குமார்' என்று எழுதினால் பயனர் 'எஸ்', குழு 'குமார்' என்று பொருள். தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட நம் ஊர்ப் பெயரின் வடிவம் அப்படியே ஒரு கட்டளையின் இலக்கணமாக இருந்திருக்கிறது! பெயரில் புள்ளி வரலாம் என்பதால்தான் பாசிக்ஸ் அந்த இடத்துக்கு, பெயரில் எப்படியும் வர முடியாத முக்காற்புள்ளியைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பழைய நிரல்கள் உடனே மறைந்துவிடவில்லை. லினக்ஸில் உள்ள கட்டளையும் புள்ளியைப் பிரிப்புக்குறியாக நெடுங்காலம் ஏற்றுவந்தது. அண்மைப் பதிப்புகள் எச்சரிக்கை தருகின்றன. பழைய நிரல்களால் வரக்கூடிய குழப்பத்தைத் தவிர்க்க, கணக்கு தொடங்கும் இடத்திலேயே புள்ளியை விலக்கிவிடுவது பாதுகாப்பு என்பது பலரின் நிலைப்பாடாக இருந்தது. முக்காற்புள்ளியின் மீதுள்ள தடையோடு ஒப்பிட்டால் இது வலுவான காரணம் இல்லை. மாணவரிடம் அப்படியே சொல்லிவிடலாம்: உன் பெயரில் பிழையில்லை, பழைய பழக்கம் ஒன்று இன்னும் விலகவில்லை.

தலைப்பெழுத்தைப் பற்றி இன்னொரு செய்தி மாணவர்களுக்குப் பிடிக்கும். 1969இல் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸைத் தொடங்கிய கென் தாம்ப்சனின் பயனர்பெயர் வெறும் 'கென்'. டென்னிஸ் மெக்காலிஸ்டர் ரிட்சியின் பயனர்பெயர் 'டிஎம்ஆர்', பிரையன் கெர்னிகனுடையது 'பிடபிள்யூகே'. முழுப்பெயரின் முதலெழுத்துகளைப் புள்ளியின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்துகளில் அவர்கள் காட்டிய சிக்கனம் அக்காலக் கணினிகளின் அளவோடு தொடர்புடையது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில், உள்ளே நுழைந்திருப்பவர்களைக் குறித்துவைக்கும் பதிவில் பெயருக்கு எட்டு இடம்தான். இன்று லினக்ஸில் அது 32. எட்டு எழுத்துக்கு மேற்பட்ட பெயர்களை அண்மைக்காலம் வரை சில கட்டளைகள் காட்ட இடமின்றி, பெயருக்குப் பதில் பயனர் எண்ணைக் காட்டிவந்தன.

பெரிய எழுத்து, @, #

பெரிய எழுத்தைத் தவிர்க்கச் சொல்வதன் பின்னால் ஓர் இயந்திரம் இருக்கிறது. அக்காலத்தில் கணினியோடு உரையாடப் பயன்பட்ட டெலிடைப் 33 என்னும் தட்டச்சுக் கருவியில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. யுனிக்ஸோ சிறிய எழுத்தில் இயங்கியது. எனவே ஒருவர் தம் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் தட்டினால், இவரிடம் இருப்பது அந்தப் பழைய கருவி என்று யுனிக்ஸ் முடிவுகட்டி, அதன்பின் வரும் எழுத்துகளையெல்லாம் சிறிய எழுத்தாக மாற்றி எடுத்துக்கொண்டது. முழுதும் பெரிய எழுத்தாலான பயனர்பெயர் வைத்துக்கொண்டவர் உள்ளே நுழைவதே கடினம். அக்கருவிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் பெரிய எழுத்து மட்டுமுள்ள முனையத்தைக் கண்டறியும் ஒரு விருப்பத்தேர்வு லினக்ஸின் நுழைவு நிரலில் இன்றும் இருக்கிறது.

அதே காலத்தில் '#' குறி கடைசியாகத் தட்டிய எழுத்தை அழித்தது. '@' குறி வரி முழுவதையும் அழித்தது. இன்று அழிப்பான் விசை செய்யும் வேலையை அவை செய்தன. அவற்றைப் பெயரில் வைப்பது எப்படி?

எண்ணில் தொடங்கினால் என்ன கேடு?

ஆசிரியர்கள் கூடுதல் கவனம் செலுத்தவேண்டிய இடம் இது. பெயருக்குப் பதில் வரிசை எண்ணையோ எமிஸ் எண்ணையோ பயனர்பெயராக வைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பெயர் குழப்பம் தீரும், இரண்டு குமார்கள் இருந்தாலும் சிக்கல் இல்லை. ஆனால் யுனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் பெயரைத் தவிர ஓர் எண்ணும் உண்டு என்பதை மேலே மூன்றாவது கட்டத்தில் பார்த்தோம். கட்டளைகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். 1005 என்ற பெயருடைய ஒரு மாணவியும், 1005 என்ற பயனர் எண்ணுடைய இன்னொரு மாணவரும் ஒரே கணினியில் இருந்தால், "இந்தக் கோப்பை 1005க்குக் கொடு" என்னும் கட்டளை யாருக்குக் கொடுக்கும்? பெயரை முதலில் தேடவேண்டும் என்று பாசிக்ஸ் வரையறுத்திருக்கிறது. எண்ணை மனத்தில் வைத்துக் கட்டளையிட்டவருக்குத் தவறான ஆளிடம் கோப்பு போய்ச் சேர்ந்திருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

முழுவதும் எண்ணாக இல்லாமல் எண்ணில் தொடங்கும் பெயரும் சிக்கலானதே. 2017இல் இதைப் பற்றிய ஒரு செய்தி கணினித்துறையில் பெரிதாகப் பேசப்பட்டது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்துவது 'சிஸ்டம்டி' என்னும் மென்பொருள். எந்தச் சேவை எந்தப் பயனரின் பெயரில் இயங்கவேண்டும் என்று அதற்கு எழுதிக்கொடுக்கலாம். பூச்சியத்தில் தொடங்கும் '0டே' என்ற பெயரை ஒருவர் கொடுத்தார். அத்தகைய பெயரோடு கணக்கு தொடங்கச் சில லினக்ஸ் வழங்கல்கள் அனுமதித்தன. ஆனால் சிஸ்டம்டியின் விதிப்படி எண்ணில் தொடங்குவது செல்லாத பெயர். எனவே அது ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு அந்த வரியை ஒதுக்கியது. பயனர் யாரென்ற வரி இல்லாவிட்டால் சேவை 'ரூட்' என்னும் தலைமைப் பயனரின் பெயரில் இயங்கும். குறைந்த அதிகாரம் போதும் என்று எழுதிக்கொடுத்த சேவைக்கு, கணினியின் முழு அதிகாரமும் கிடைத்துவிட்டது!

இதில் யார் மீது தவறு என்று அன்று நீண்ட விவாதம் நடந்தது. செல்லாத பெயரைக் கொடுத்தவர் மீதே தவறு என்று ஒரு சாரார் வாதிட்டனர். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகத் தெரியவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் தவறாக நிரப்பப்பட்டிருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்பவேண்டும். அந்தக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டு மற்றதை நிறைவேற்றக் கூடாது. பின்வந்த பதிப்பில், பயனர்பெயர் செல்லாததாக இருந்தால் சேவையையே தொடங்காமல் நிறுத்தும்படி மாற்றினார்கள். மேல்நிலை வகுப்புகளில் நிரலாக்கம் நடத்துபவர்கள் உள்ளீட்டைச் சரிபார்த்தல் என்னும் பகுதிக்கு இந்நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரே பெயரை ஒரு நிரல் ஏற்று, அதே கணினியின் இன்னொரு நிரல் மறுத்ததுதான் இங்கே ஆபத்தை உண்டாக்கியது.

இடைக்கோட்டை முதலில் வைக்கக் கூடாது என்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. யுனிக்ஸ் கட்டளைகளில் இடைக்கோட்டில் தொடங்குவது விருப்பத்தேர்வு. அப்படித் தொடங்கும் பெயரைக் கட்டளையில் எழுதினால், அதைப் பெயர் என்று கொள்ளாமல் ஆணை என்று கொள்ளும். பெயரின் நடுவில் வந்தால் தொல்லையில்லை.

தமிழில் ஏன் கூடாது?

தமிழ் எழுத்துகளுக்கு உள்ள தடையை மாணவர்கள் உடனே அநீதியாகப் பார்ப்பார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். யுனிக்ஸ் பிறந்தபோது அது அறிந்திருந்த ஆஸ்கி குறியீட்டில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு அதில் இடமில்லை. 1991இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. மறு ஆண்டு யூனிகோடு எழுத்துகளைப் பழைய நிரல்களுக்கும் ஊறு நேராமல் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையைக் கென் தாம்ப்சன், ராப் பைக்குடன் சேர்ந்து வடிவமைத்தார். ஆம், 'கென்' என்ற பயனர்பெயருக்குச் சொந்தக்காரரான அதே தாம்ப்சன்தான். இம்முறையில் தமிழ் எழுத்தின் எந்தப் பகுதியும் முக்காற்புள்ளியாகவோ சாய்கோடாகவோ தோன்றாது. அதனால் தமிழ்ப் பெயர் அந்த ஏழு கட்டங்களைச் சிதைக்காது. தடை வேறு இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, நீளம். தமிழ்ச்செல்வி என்னும் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஏழு என்று சொல்லும். யூனிகோடோ மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணும், அக்கணக்கில் 13. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். மொத்தம் 39. லினக்ஸின் எல்லையான 32ஐ இந்த ஒரு பெயர் தாண்டிவிடுகிறது. தம் பெயருக்கு எழுத்து எத்தனை, குறியீடு எத்தனை, பைட் எத்தனை என்று வகுப்பில் ஒவ்வொருவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பதினொரு குறியீடு வந்தால் எல்லை தாண்டியது என்று பொருள்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கோமதி என்னும் பெயரின் முதல் எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ககரத்துக்குப் பின் இரட்டைச் சுழிக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பில் ஒன்று 15 பைட், மற்றொன்று 18. கோமதி ஒரு கணினியில் பெயரைப் பதிந்து, வேறொரு தட்டச்சு மென்பொருளில் தன் பெயரைத் தட்டினால், அப்படி ஒருவர் இல்லை என்று கணினி சொல்லக்கூடும். தமிழ் எண்களைக் கற்பித்தவர்களுக்கு இன்னொன்றும் தோன்றியிருக்கும். ௧ என்னும் எண்ணும் க என்னும் எழுத்தும், ௨ என்பதும் உ என்பதும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று. உமா என்னும் மாணவியின் பெயரைப் போலவே தோன்றும், ஆனால் இரண்டு என்ற எண்ணில் தொடங்கும் வேறொரு கணக்கைக் குறும்புக்காரர் ஒருவர் தொடங்கிவிடலாம்.

மூன்றாவது, நடைமுறை. கணினி பழுதாகி வரைகலைத் திரை வராமல் வெறும் எழுத்துத்திரை மட்டும் வரும் நாளில், அத்திரைக்குத் தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாது. தமிழ்99 விசைப்பலகையும் அங்கே கிடைக்காது. பெயரைத் தட்ட முடியாதவர் உள்ளே நுழைய முடியாது.

ஐந்தாவது கட்டம்

இத்தனை கட்டுப்பாடுகளும் முதல் கட்டத்துக்கு மட்டுமே. முழுப்பெயருக்கான ஐந்தாவது கட்டத்தில் தமிழ் எழுத்தும் வரலாம், புள்ளியும் வரலாம், இடைவெளியும் வரலாம். முக்காற்புள்ளியும் காற்புள்ளியும் மட்டும் கூடாது. முழுப்பெயர், அறை எண், தொலைபேசி எண் என்று அந்தக் கட்டத்தை உள்ளே காற்புள்ளி பிரிக்கிறது. இக்கட்டத்துக்கு இன்றும் வழங்கும் பெயர் 'ஜீகாஸ்'. பெல் ஆய்வகத்தில் அச்சிடும் வேலைக்குப் பயன்படுத்திய வேறொரு பெரிய கணினியின் இயங்குதளப் பெயர் அது. அந்தக் கணினியில் தம் கணக்கைக் குறிக்கும் விவரத்தை யுனிக்ஸ் பயனர்கள் இங்கே எழுதிவைத்தார்கள். அந்தக் கணினி போய்விட்டது, கட்டம் தங்கிவிட்டது. உபுண்டு போன்றவற்றின் நுழைவுத்திரையில் பெரிதாகத் தோன்றுவது முதல் கட்டப் பெயரன்று, இந்த ஐந்தாம் கட்டப் பெயர்தான்.

ஆகவே ஆய்வகத்தில் கணக்கு தொடங்கும்போது முழுப்பெயர் கேட்கும் இடத்தில் 'க. தமிழ்ச்செல்வி' என்று தமிழிலேயே எழுதுங்கள். காலையில் கணினியைத் திறந்ததும் திரையில் அவர் காண்பது அந்தப் பெயராக இருக்கும். பயனர்பெயருக்குச் சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறுகிய பெயர் போதும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் எண்ணைப் பெயரின் இறுதியில் சேருங்கள். தலைப்பெழுத்து வேண்டுமென்றால் புள்ளிக்குப் பதில் அடிக்கோடு இடலாம். எமிஸ் எண்ணையோ ஆதார் எண்ணையோ அதில் சேர்ப்பது வேண்டாம். இக்கோப்பை அக்கணினியைப் பயன்படுத்தும் எவரும் திறந்து படிக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும்போது மாணவரிடமே கேட்டுவிடுவது நல்லது. ழகரத்தை எப்படி எழுதுவது என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. சான்றிதழில் உள்ளதற்கும் கணினியில் உள்ளதற்கும் வேறுபாடு இருந்தால் மாணவர்தான் தடுமாறுவார். தவறாகிவிட்டாலும் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கவேண்டியதில்லை. கோப்புகளின் உரிமையாளர் யார் என்பதைக் கணினி பெயரால் குறித்துவைப்பதில்லை, மூன்றாவது கட்டத்து எண்ணால்தான் குறித்துவைக்கிறது. நிர்வாகியாக நுழைந்து 'யூசர்மாட்' கட்டளையால் பயனர்பெயரை மட்டும் திருத்தலாம். மாணவர் சேமித்த படங்களும் பாடங்களும் அவருடையவையாகவே இருக்கும். வீட்டு அடைவு மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும், அதைத் தனியே மாற்றவேண்டும். திருத்தும் நேரத்தில் அந்த மாணவர் அக்கணினியில் நுழைந்திருக்கக் கூடாது.